யூதப் பாடசாலையின் பாலர் வகுப்பும் எங்கள் முன்பள்ளிகளும்

என் அண்ணரின் மகள் ரொறன்ரோவில் ஒரு யூதப் பகற்பாடசாலையின் பாலர் வகுப்பில் உதவி ஆசிரியராக வேலை செய்கிறாள். நான் வலிகாமத்தில் ஒரு கிராமத்து முன்பள்ளியை நடத்தி வருகிறேன். தொழில் ஒன்று, பிள்ளைகளின் வயதும் ஏறக்குறைய ஒன்று என்பதால், அவள் வட்ஸ்அப்பில் அழைக்கும்போது ஊர்ப்புதினம் சிறிது நேரத்தில் முடிந்து பேச்சு வகுப்பறைக்குள் நுழைந்துவிடும். அவள் சொன்னவற்றைக் கேட்டும், கேட்டவற்றைப் பற்றி மேலும் தேடி வாசித்தும் வந்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. ஒரு சமூகம் தன் மொழியையும் வழக்கங்களையும் பிள்ளையின் கையில் எடுத்துக் கொடுப்பதற்கு மிகவும் ஏற்ற காலம் நான்கு, ஐந்து வயதுதான் என்பதை யூதர்கள் நன்கு விளங்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக்காகப் பெருந்தொகை செலவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதே காலம் எங்கள் கையில் செலவில்லாமல் கிடக்கிறது. அதை நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பகற்பாடசாலை என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பல யூதப் பிள்ளைகள் பொதுப் பாடசாலையில் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையோ கிழமை நாள்களின் பின்னேரங்களிலோ எபிரேய வகுப்புக்குப் போவார்கள். எங்கள் புலம்பெயர்ந்த உறவுகளின் பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போவதைப் போன்ற ஏற்பாடு அது. பகற்பாடசாலை அப்படியானதன்று. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பொதுப் பாடங்களும் எபிரேய மொழி, யூதர்களின் வேதமான தோரா, பண்டிகைகள், தொழுகை ஆகியவையும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாளுக்குள், திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும் முழுநேரப் பாடசாலை அது. ரொறன்ரோவில் இத்தகைய பாடசாலைகளின் வரலாறு பழையது. அசோசியேட்டட் ஹீப்ரு ஸ்கூல்ஸ் என்ற நிறுவனம் 1907ஆம் ஆண்டில் தொடங்கியது. நியூயோர்க்கின் ராமாஸ் பாடசாலையும் பொஸ்ரனுக்கு அருகிலுள்ள மைமோனிடிஸ் பாடசாலையும் 1937இல் தொடங்கியவை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் வட அமெரிக்காவில் இவற்றின் எண்ணிக்கை பெருகியது. ஐரோப்பாவில் கற்றோரும் கல்விக்கூடங்களும் ஊரோடு ஊராக அழிக்கப்பட்ட பிறகு, மிஞ்சியவர்கள் பாடசாலை கட்டுவதில் இறங்கினார்கள் என்பது எங்களுக்கு விளங்கக்கூடிய செய்தி. கடும் ஆசாரம் கடைப்பிடிப்போர் நடத்துபவை, சீர்திருத்த மரபினர் நடத்துபவை, எல்லாப் பிரிவினருக்கும் பொதுவானவை என்று இவற்றில் பல வகை உண்டு; ஒன்றைப் பற்றிச் சொல்வது மற்றொன்றுக்கு முழுவதும் பொருந்தாது. ஒன்ராறியோவில் நான்கு வயதில் இளைய பாலர் வகுப்பும் ஐந்து வயதில் மூத்த பாலர் வகுப்பும் தொடங்குகின்றன. என் மருமகள் இருப்பது மூத்த பாலர் வகுப்பில்.

அவள் சொன்னவற்றில் என்னை மிகவும் பிடித்துக்கொண்டது வெள்ளிக்கிழமை. யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது சபாத் என்னும் ஓய்வுநாள் பிறக்கிறது. சனிக்கிழமை இரவு வானில் நட்சத்திரங்கள் தோன்றும்வரை அது நீடிக்கும். வீட்டில் மாலையில் நடக்கவிருக்கும் வரவேற்பைப் பாலர் வகுப்பு காலையிலேயே நடத்திப் பார்க்கிறது. மாவைப் பிசைவதும், மூன்று திரியாக உருட்டிப் பின்னுவதும் பிள்ளைகளின் வேலை. எங்கள் பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் பின்னுவதைப் போலவே அந்தப் பாணையும் பின்னுகிறார்கள்; ஹல்லா என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு கிழமையும் ஒரு பிள்ளை சபாத்தின் அம்மாவாகவும் இன்னொரு பிள்ளை அப்பாவாகவும் தெரிவுசெய்யப்படுவார்கள். வெள்ளைத் துணி விரித்த சிறு மேசையில் இரண்டு மெழுகுதிரிகள் இருக்கும். அம்மாவான பிள்ளை கைகளால் கண்ணை மூடிக்கொண்டு ஆசிமொழி சொல்லும். அப்பாவான பிள்ளை முந்திரிகைச் சாறு உள்ள கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றொரு ஆசிமொழியைப் பாடும். பிறகு துணியால் மூடி வைத்திருந்த பாணைத் திறந்து எல்லாரும் ஒவ்வொரு துண்டு உண்பார்கள்.

இதற்கு முன்னர் நடக்கும் ஒரு சிறு காரியத்தைத்தான் நான் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். மெழுகுதிரி ஏற்றுவதற்கு முன் ஒரு உண்டியல் வட்டமாகச் சுற்றி வரும். செதாக்கா உண்டியல் என்கிறார்கள்; இல்லாதவருக்குக் கொடுப்பது கொடுப்பவரின் கடமை என்பது அவர்களின் நெறி. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சில்லறையை ஒவ்வொருவராக அதில் போடுவார்கள். யாரும் நீண்ட விளக்கம் சொல்வதில்லை. காசு விழும் சத்தம் கேட்கும், பாட்டு ஒன்று பாடப்படும், உண்டியல் அடுத்த பிள்ளையிடம் போகும். நிரம்பியதும் அந்தக் காசை எங்கே கொடுப்பது என்பதைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேட்பார்களாம். “மாமி, ஒரு பிள்ளை மறந்துபோய்க் காசில்லாமல் வந்தால் பக்கத்துப் பிள்ளை தன்ர காசில ஒண்டை எடுத்துக் குடுக்கும். அதை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை” என்றாள் மருமகள். சொல்லிக் கொடுக்கவில்லை என்பது சரிதான். கிழமைக்கு ஒருமுறை தவறாமல் செய்ததால் வந்தது அது. ஒழுக்கப் பாடம் என்று தனியாக ஒரு நேரம் ஒதுக்கி, “ஏழைகளுக்கு உதவ வேண்டும்” என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளைக் கூட்டாகச் சொல்லவைத்தால் இது வராது என்பதை என் வகுப்பறையிலிருந்தே நான் அறிவேன்.

சின்னச் சின்னச் செயல்களில்தான் அந்த வகுப்பு நடக்கிறது. உண்பதற்கு முன் இரண்டு கைப்பிடி உள்ள குவளையால் ஒரு கைக்குப் பின் மறு கையாக நீர் வார்த்துக் கழுவுவது, பாணுக்கு ஓர் ஆசிமொழியும் பழத்துக்கு வேறோர் ஆசிமொழியும் சொல்வது, வாசல் நிலையில் பொருத்தியுள்ள, வேதவாக்கியம் எழுதிய சுருள் அடங்கிய மெசூசா என்னும் சிறு கூட்டைத் தொட்டு முத்தமிடுவது ஆகியவை நாள்தோறும் நடப்பவை. மெசூசா நிலையின் மேற்பகுதியில் இருப்பதால் எட்டாத பிள்ளையை ஆசிரியர் தூக்கிப் பிடிப்பாராம். இறைச்சியையும் பாலையும் ஒன்றாக உண்ணக்கூடாது, பாத்திரங்களும் வேறாக இருக்க வேண்டும் என்ற விதி என் மருமகளுக்கு முதல் நாளிலேயே விளங்கிவிட்டது. எங்கள் அம்மாவின் குசினியில் மச்சச் சட்டி ஒருபுறமும் சைவச் சட்டி மறுபுறமும் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

எழுத்துக்கு வருவோம். எபிரேய எழுத்துகள் 22. அவற்றில் ஐந்து, சொல்லின் இறுதியில் வரும்போது வேறு வடிவம் கொள்ளும். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். உயிரொலிகளைக் காட்டுவதற்கு எழுத்தின் கீழும் மேலும் புள்ளிகளும் கோடுகளும் இடப்படுகின்றன. ஐந்து வயதுப் பிள்ளை இதைப் படிக்கும் அதே காலத்தில் ஆங்கில எழுத்தை இடமிருந்து வலமாகவும் படிக்கிறது. பிள்ளை குழம்பிப்போகாதா என்று நான் கேட்டேன். சில பிள்ளைகள் சிறிது காலம் ஆங்கில எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதைப் போலத் திருப்பி எழுதுவதுண்டு, ஆனால் அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை என்றாள். பென்சில் பிடிக்கும் முன்னர் மாவில் எழுத்தை உருட்டுகிறார்கள், உப்புப் பரப்பிய தட்டில் விரலால் வரைகிறார்கள், நிலத்தில் ஒட்டிய எழுத்தின்மேல் நடக்கிறார்கள். கொப்பியில் வரிவரியாக எழுதும் வேலை கடைசியாகத்தான் வருகிறது.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு பழைய மரபு இருக்கிறது. 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் ஜேர்மனியிலும் பிரான்சிலும் வாழ்ந்த யூதர்கள், பிள்ளையை முதன்முதலாக ஆசிரியரிடம் அழைத்துச் செல்லும் நாளைப் பெரிய சடங்காகக் கொண்டாடினார்கள். பிள்ளையைத் துணியால் போர்த்தித் தூக்கிக்கொண்டு போவார்கள். ஆசிரியர் தன் மடியில் இருத்தி, எழுத்துகள் எழுதிய பலகையைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பார். பின்னர் அந்த எழுத்துகளின்மீது தேன் தடவப்படும், பிள்ளை அதை நக்கும். வேதவாக்கியம் எழுதிய பணியாரமும் அவித்த முட்டையும் உண்ணக் கொடுப்பார்கள். இன்றும் பல பாடசாலைகளில் முதல் நாளன்று எழுத்தோடு தேனைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் தொடர்கிறது.

இதை வாசித்தபோது எங்கள் ஏடு தொடக்கல் நினைவுக்கு வராத யாழ்ப்பாணத்தவர் இருக்க மாட்டார். விசயதசமியன்றோ தைப்பூசத்தன்றோ பிள்ளைக்குப் புத்தாடை உடுத்தி, கோயிலிலோ வீட்டிலோ பெரியவர் ஒருவரின் மடியில் இருத்தி, தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கிறோம். பலகையும் தேனும் அவர்களுக்கு, தாம்பாளமும் அரிசியும் எங்களுக்கு. மடி இருபுறத்துக்கும் பொது. என் வருத்தம் அடுத்த நாளைப் பற்றியது. அவர்களிடம் அந்தச் சடங்கு ஒரு நீண்ட ஒழுங்கின் முதற்படியாக இருக்கிறது. எங்களிடமோ படம் எடுத்து முடிந்ததும் சடங்கு முடிந்துவிடுகிறது. அரிசியில் விரலால் எழுதிய அதே பிள்ளைக்கு, மறுநாள் நாங்கள் கோடு போட்ட கொப்பியையும் ஆங்கில எழுத்துகள் அச்சிட்ட தாளையும் கொடுத்து, விரல் வலிக்கும்வரை புள்ளிகளை இணைக்கச் சொல்கிறோம். அரிசித் தட்டை ஒரு நாள் சடங்காக நிறுத்தாமல், ஒரு தவணை முழுவதும் வகுப்பறையில் வைத்திருந்தால் என்ன என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் வந்தது.

மொழியைப் பற்றி நினைக்கும்போது 1898ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் போக முடியாது. அந்த ஆண்டில் பாலஸ்தீனத்தின் ரிஷோன் லெட்சியோன் என்ற குடியேற்றத்தில் முதலாவது எபிரேயப் பாலர் பாடசாலை தொடங்கப்பட்டது. அதன் பொருளை உணர்வதற்கு, எபிரேயம் அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளாக அது தொழுகைக்கும் படிப்புக்கும் எழுத்துக்கும் உரிய மொழியாக வாழ்ந்ததேயன்றி, வீட்டில் பிள்ளையைத் தாலாட்டும் மொழியாக இருக்கவில்லை. குடியேறியவர்களின் வீடுகளில் இத்தீஷ், ருஷ்ய மொழி, அரபு, லடினோ என்று பல மொழிகள் ஒலித்தன. எலியேசர் பென் யெஹூதா 1881இல் அங்கு வந்து, அடுத்த ஆண்டு பிறந்த தன் மகனை எபிரேயத்தை மட்டுமே பேசி வளர்த்தார் என்ற செய்தியைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் ஒருவர் செய்தது அது. அதை ஊர் முழுவதும் பரப்பியவர்கள் பாலர் வகுப்பு ஆசிரியைகள். வகுப்பில் பயன்படுத்துவதற்குப் பாட்டில்லை, கதைப்புத்தகமில்லை, பொம்மைக்குக்கூடச் சொல் இல்லை. பென் யெஹூதாவும் மற்றவர்களும் அந்தச் சொற்களை அமைக்க அமைக்க, இந்த ஆசிரியைகள் அவற்றைப் பாட்டாகவும் விளையாட்டாகவும் மாற்றிப் பிள்ளைகளின் வாயில் வைத்தார்கள். மாலையில் பிள்ளை வீட்டுக்குப் போய், எபிரேயம் தெரியாத தாயிடம் அந்தச் சொல்லைச் சொன்னது. தாய் பிள்ளையிடமிருந்து மொழியைக் கற்றாள். 1922இல் எபிரேயம் அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டபோது, அந்த முதல் வகுப்புகளில் படித்த பிள்ளைகள் பெற்றோர் ஆகும் வயதை எட்டியிருந்தார்கள்.

பல்கலைக்கழகங்களும் மாநாடுகளும் மொழியைக் காக்கும் என்று நம்பும் எங்கள் சமூகம் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். தமிழ் எபிரேயத்தைப் போலப் பேச்சிழந்த மொழியன்று; எங்கள் பிள்ளைகள் தாயின் வாயிலிருந்தே அதைக் கேட்கிறார்கள். ஆனால் அண்மைக் காலமாக என்னிடம் சேர்க்கப்படும் பிள்ளைகளிற் சிலர் மாமரத்தையும் பூனையையும் நிறங்களையும் ஆங்கிலத்தில் மட்டுமே சொல்கிறார்கள். கைபேசியின் காணொளிகளில் கற்றவை அவை. பெற்றோர் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நான்கு வயதுப் பிள்ளைக்கு அணிலும் செண்பகமும் வேலியில் நிற்கும் கிளுவையும் பெயரோடு தெரியவேண்டும் என்பதிலும் இல்லை.

அடுத்ததாக, கேள்வி. பெஸாக் என்னும் விடுதலைப் பண்டிகையின் முதல் இரவில், குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றி இருந்து, எகிப்தின் அடிமை வாழ்விலிருந்து முன்னோர் வெளியேறிய கதையைச் சொல்லும். அந்த இரவை வழமையாகத் தொடக்கி வைப்பது வீட்டின் ஆகச் சிறிய பிள்ளை. “மற்ற எல்லா இரவுகளிலிருந்தும் இந்த இரவு எதனால் வேறுபடுகிறது?” என்று எழுந்து நின்று பாடி, புளிக்காத அப்பத்தையும் கசப்புக் கீரையையும் பற்றியெல்லாம் பிள்ளை கேட்ட பிறகே பெரியவர்கள் கதையைத் தொடங்குவார்கள். பாலர் வகுப்பில் இதற்கான பயிற்சி கிழமைக்கணக்கில் நடக்கும். அன்றைய வாசிப்பில் நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது: அறிவுள்ள பிள்ளை, முரண்டு பிடிக்கும் பிள்ளை, எளிய பிள்ளை, கேட்கத் தெரியாத பிள்ளை. கேட்கத் தெரியாத பிள்ளைக்கு நீயே தொடங்கிக் கொடு என்று பெற்றோருக்கு அங்கே சொல்லப்படுகிறது.

எங்கள் மரபில் கேள்விக்கு இடமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாணாக்கன் கேட்கவும் ஆசிரியர் சொல்லவுமாக அமைந்த நூல்கள் தமிழிலும் சைவத்திலும் நிறைய உண்டு. ஆயினும் முன்பள்ளியில் நாங்கள் முதலில் பழக்குவது கையைக் கட்டி வாயைப் பொத்தியிருப்பதை. ஒரு தைப்பொங்கலுக்கு முந்திய நாள் முற்றத்தில் சிறு பானை வைத்துப் பொங்கிக் காட்டினேன். பால் பொங்கி வழிந்தபோது எல்லாரும் கைதட்ட, ஒரு சிறுவன் மட்டும், “ரீச்சர், பால் நிலத்தில ஊத்துண்டால் அம்மா ஏசுவா. இண்டைக்கு ஏன் ஒருத்தரும் ஏசேல்லை?” என்று கேட்டான். யூதப் பிள்ளை பெஸாக் இரவில் கேட்கும் கேள்வியும் இதுவும் ஒன்றே. மற்ற நாளில் கூடாதது இன்று எப்படிக் கூடும் என்று அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. நிறைவு, விளைச்சல், சூரியனுக்கு நன்றி என்றெல்லாம் நான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த எதுவும் அந்தக் கேள்விக்குக் கிட்ட நிற்கவில்லை. அன்று முழுவதும் அதைப் பற்றியே பேசினோம். வேறொரு வகுப்பறையில், “கதையாமல் இரு” என்ற ஒரு சொல்லோடு அது முடிந்திருக்கக்கூடும்.

இந்தப் பாடசாலைகளுக்குப் பெற்றோர் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் கத்தோலிக்கப் பாடசாலைகள் அரசின் பணத்தில் நடக்கின்றன. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஏற்பாடு அதற்கு வழிசெய்தது. யூதப் பாடசாலைகளுக்கு அந்த உதவி இல்லை. பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். உயர் நீதிமன்றம் 1996இல், உதவி கொடுக்க மாகாணம் கடமைப்பட்டதன்று என்று தீர்ப்பளித்தது. 1999இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இது பாகுபாடு என்று கூறியும் நிலைமை மாறவில்லை. ஆகவே ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் டொலர் கட்டணமாகப் போகிறது. இயலாத குடும்பங்களுக்காகச் சமூகத்தில் பணம் திரட்டுகிறார்கள். பணத்துக்கு மேலாக அச்சமும் இருக்கிறது. 2024 மே மாதத்தில் ரொறன்ரோவில் ஒரு யூதப் பெண்பிள்ளைகள் பாடசாலையின் கட்டடத்தின்மீது விடியுமுன் துப்பாக்கிச் சூடு நடந்தது. என் மருமகள் வேலை செய்யும் இடத்திலும் வாசலில் காவலர் நிற்கிறார். 1995 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்து நாகர்கோவில் பாடசாலைமீது குண்டு விழுந்து பிள்ளைகள் இறந்ததை மறக்காத எங்களுக்கு, காவலரைக் கடந்து உள்ளே போகும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயின் மனம் விளங்கும்.

சமயமும் பொதுக்கல்வியும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பாடசாலை என்ற எண்ணம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. அமெரிக்க மிசன் 1816இல் இங்கு வந்து ஊர்கள்தோறும் பாடசாலைகளை நிறுவியது. வெஸ்லியன் மிசனின் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் பணியாற்றிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சிறுவருக்கென்று பாலபாடங்களை எளிய உரைநடையில் எழுதி அச்சிட்டார். தன் சமூகத்தின் பிள்ளை கல்விக்காகத் தன் சமயத்தைக் கைவிட வேண்டியதில்லை என்ற அவருடைய உறுதிதான் பகற்பாடசாலைகளை நிறுவிய யூதர்களின் உறுதியும். 1923இல் தொடங்கிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் அந்த வேலையை ஊரூராகக் கொண்டுபோனது. பின்னர் 1960, 61ஆம் ஆண்டுகளின் சட்டங்களால், ஒரு சில நீங்கலாக, உதவி பெறும் பாடசாலைகள் எல்லாவற்றையும் அரசு பொறுப்பேற்றது. இலவசக் கல்வியின் நன்மையை நான் அனுபவித்தவள். அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு, பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்பது அரசின் வேலை என்ற எண்ணம் எங்கள் பெற்றோரிடம் ஊறிப்போனது.

அந்தப் பொறுப்பேற்பு முன்பள்ளியை எட்டவில்லை என்பதைத்தான் நாங்கள் மறந்துவிடுகிறோம். சனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது நிரம்பிய பிள்ளையே முதலாம் தரத்துக்குப் போகலாம். அதற்கு முந்திய ஆண்டுகள் சனசமூக நிலையத்தின் கையிலும் கோயிலின் கையிலும் தேவாலயத்தின் கையிலும் தனியாரின் கையிலும் இருக்கின்றன. மேற்பார்வை மாகாண சபைக்குரியது. எங்கள் பாட்டன்மார் அரிவரி வகுப்பு என்று சொன்ன அந்தப் பருவம் இன்றும் சமூகத்துக்குச் சொந்தம். யூதப் பெற்றோர் பல்லாயிரம் டொலர் கொடுத்து வாங்கும் அதே சுதந்திரம், ஒரு கிராமத்துச் சனசமூக நிலையத்தின் நிர்வாகக் குழுவுக்குக் கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு நாங்கள் செய்வது பெரும்பாலும் ஆங்கிலப் பயிற்சித்தாள்கள், வாடகை உடுப்பில் கலைவிழா, ஆண்டிறுதியில் கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிவித்து நான்கு வயதுப் பிள்ளைக்குப் பட்டமளிப்பு. அந்த அங்கியின் வாடகைக்குக் கேட்கும் பணம் கூலிவேலைக்குப் போகும் தாய்க்கு எவ்வளவு பாரம் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதனால் யூதப் பாலர் வகுப்பை அப்படியே இங்கு இறக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. அங்கு வரும் பிள்ளைகள் ஒரு சமூகத்தவர். என் முன்பள்ளியில் சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே பாயில் இருக்கிறார்கள். யாழ் நகரின் சில முன்பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதை இழந்து பெறும் எதுவும் எனக்கு வேண்டாம். அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது கிழமையின் ஒழுங்கு: ஒரு குறித்த நாளில், குறித்த காரியம், பிள்ளையின் கையால், ஆண்டு முழுவதும் தவறாமல் நடப்பது. நத்தாருக்கும் நவராத்திரிக்கும் ஒருநாள் நாடகம் போடுவதைவிட அது ஆழமாகப் போகும்.

ஆசிரியரைப் பற்றியும் ஒன்று உண்டு. யூதர்களின் தல்மூத் என்னும் பழைய சட்டத் தொகுப்பில், சிறுவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவருக்கு 25 பிள்ளைகள் என்று வரையறை இருக்கிறது. 40 பிள்ளைகள் சேர்ந்தால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளரை அமர்த்த வேண்டும். 50 ஆனால் இரண்டு ஆசிரியர் வேண்டும். எருசலேமின் பெரிய ஆலயத்தைக் கட்டும் வேலைக்காகக்கூடச் சிறுவரின் படிப்பை இடைநிறுத்தக்கூடாது என்றும் அதில் சொல்லப்படுகிறது. ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் தொகுக்கப்பட்ட நூலில் ‘ஊர்ச் செலவில்’ என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் கோபுரத்துக்கு வர்ணம் பூச வெளிநாட்டிலிருந்து இலட்சக்கணக்கில் பணம் வருகிறது. அதே கோயில் வீதியில் உள்ள முன்பள்ளியின் ஆசிரியை, ஒரு கடையில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் சம்பளத்திலும் குறைந்த கொடுப்பனவோடு வேலை செய்கிறார். திருமணமானதும் பலர் விலகிவிடுகிறார்கள். கோபுரத்துக்கு அனுப்பும் உறவுகளிடம் நான் உரிமையோடு கேட்பது இதுதான்: அடுத்த முறை அனுப்பும்போது ஓர் ஆசிரியையின் ஓராண்டுக் கொடுப்பனவையும் சேர்த்து அனுப்புங்கள்.

எங்கள் முன்பள்ளியில் இந்தத் தவணை வெள்ளிக்கிழமைகளை மாற்றியிருக்கிறோம். யாழ்ப்பாணத்துத் தாய்மார் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியை எடுத்து வேறாக வைக்கும் பிடியரிசி வழக்கம் முன்னர் வீடுகள்தோறும் இருந்தது. இன்று கேள்விப்பட்ட பிள்ளைகளே குறைவு. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளையும் தன் கைப்பிடியளவு அரிசியைச் சிறு பையில் கொண்டுவந்து பெட்டியில் கொட்டுகிறது. பெட்டி நிரம்பினால் எங்கே கொடுப்பது என்று பிள்ளைகளிடம் கேட்டேன். தனியாக இருக்கும் ஓர் ஆச்சியின் வீட்டைச் சொன்னார்கள். முன்பள்ளி வேலிக்குப் பக்கத்து வீடு என்பதால் அவர்களுக்கு அவரைத் தெரியும். சைவப் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை என்ற வேறுபாடு இதில் வரவே இல்லை. அரிசித் தட்டில் எழுதுவது நாள்தோறும் நடக்கிறது. திங்கட்கிழமை காலையில் கேள்வி நேரம் வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஆசிரியைகள் கேட்பதில்லை, பிள்ளைகள் மட்டுமே கேட்பார்கள். ஆண்டிறுதி அங்கி இந்த ஆண்டு இல்லை என்று நிர்வாகக் குழுவும் ஏற்றுக்கொண்டுவிட்டது.

பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. ஒரு தாய் எழுந்து, “எல்லாம் நல்லதுதான் ரீச்சர், ஆனால் பக்கத்து ஊர் நேர்சரிப் பிள்ளையள் இங்கிலிசில பாட்டுப் பாடுதுகள். எங்கட பிள்ளையள் பின்னுக்கு நிண்டிடாதோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, அந்தத் தாயின் கவலை என் கவலையும்தான். ரொறன்ரோவில் எபிரேயப் பாட்டும் ஆங்கிலப் பாட்டும் ஒரே காலையில் ஒரே பிள்ளையின் வாயில் வருவதை அவருக்குச் சொன்னேன். ஆங்கிலப் பாட்டு எங்களிடமும் இருக்கும், வேண்டுமானால் இன்னும் இரண்டைச் சேர்ப்போம், ஆனால் அது அரிசிப் பெட்டியின் இடத்தையும் கேள்வி நேரத்தையும் எடுத்துக்கொள்ள விடமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் முழுவதும் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. தவணை முடிவில் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கதைப்போம் என்று சொல்லி இருந்தார். நானும் அதற்கு உடன்பட்டேன்.